புற்றுமண் பூசிய சைக்கிள்

என் வீட்டுக்காரர் துரைப்பாண்டி தார் ரோட்டில் இடது ஓரத்தை விட்டு விலகாத மனுஷன். பின்னால் பஸ்காரன் ஆரனை அமுக்கினால் மற்றவர்களெல்லாம் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கி நின்றுகொள்வார்கள். இவர் இறங்கமாட்டார். "நான் ஓரமாத்தான போறேன், அவன் சுத்திப் போகட்டும். ரோடு எனக்கும் உண்டும்லா?" என்பார். "ஆமா, பெரிய கலெக்டரு! ரோட்டுக்குப் பட்டா உங்க பேர்லதான் இருக்கு" என்று நான் திட்டாத நாள் கிடையாது.

ஆனி மாதம் ஒரு காலையில் பிச்சிப்பூ மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, குருவிகுளம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போனார். நன்றாக விடிந்துவிட்டது. பின்னால் வந்த பச்சைப் பஸ் நேராகக் கேரியரில் இடித்தது. மூட்டை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். வலது கால் டயருக்கு அடியில் போய்விட்டது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முட்டுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அந்த மனுஷன் காலைக் கேட்கவில்லை. "நான் இடது ஓரந்தான் போனேன், அதை எழுதிக்கிட்டாங்களாட்டி?" என்றுதான் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை.

ஏட்டையா ரோட்டில் கிடந்த சைக்கிளைக் கிட்டே போய்ப் பார்க்காமலே, "வீட்டுல பத்திரமா வைங்க, பெறவு வந்து பாக்கேன்" என்று சொல்லிப் போயிருந்தார். பின் மட்கார்டு நசுங்கி, அதில் பஸ்ஸின் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்ததாம். ஆனால் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிவிட்டது. ஸ்டேஷன் மொத்தமும் கோயில் பந்தோபஸ்துக்குப் போய்விட்டதால், தபசு முடிந்துதான் அவர் வந்தார்.

அதற்குள் என் மாமியார் முத்துமாரியம்மாள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். ரத்தம் பட்ட வண்டி வாசலில் நின்றால் மகனுக்குப் புண் ஆறாது என்று அவளுக்குப் பயம். எங்கள் பக்கம் சிரங்கென்றாலும் சரி, சொப்பனத்தில் பாம்பு வந்தாலும் சரி, சங்கரன்கோவில் புற்றுமண்தான் மருந்து. தபசுக் கூட்டத்தில் இடிபட்டுப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து, மஞ்சள் தண்ணீரில் கரைத்து, தேங்காய் நாரால் வண்டியைத் தேய்தேயென்று தேய்த்திருக்கிறாள். ரத்தமும் போயிற்று, பச்சைப் பெயிண்டும் போயிற்று. பிறகு அதைச் சைக்கிள் கடை ஆதம் அண்ணாச்சியிடம் தள்ளிக்கொண்டு போனாள். அவரும் தங்கமான மனுஷன். "பாண்டி வரும்போது வண்டி அவனுக்காக நிக்கணும்" என்று மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, ரிம்மை மாற்றி, கறுப்புப் பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். கேரியருக்கும் புதுக் கம்பி.

ஏட்டையா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல எங்கம்மா இடிச்சுது? மாப்பிள்ளை கணக்கால்லா நிக்கு!"

டிரைவர் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தான். இருட்டில் விளக்கில்லாமல் வந்தாராம், மூட்டைப் பாரத்தில் தள்ளாடி, தானே பஸ்ஸுக்கு அடியில் விழுந்தாராம். அஜாக்கிரதை என்று இவர் மேலேயே கேஸ் ஆகிவிட்டது. கால் போனவன் குற்றவாளி! எங்கே போய் முட்டிக்கொள்ள? பஸ்ஸில் இருந்த எங்கள் ஊர்க்காரர்களிடம் போய் நின்றேன். "பாத்தோம் தாயி, இல்லங்கல. ஆனா நாளைக்கும் அந்தப் பஸ்லதான ஏறணும்?" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வக்கீல் கோமதிசங்கர் வீட்டுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"சட்டத்துல சைக்கிளுக்கும் ரோட்டுல பாத்தியதை உண்டு பாண்டி. பின்னால வாரவன்தான் பாத்து ஓட்டணும். ஆனா பின்னால இடிச்சான்னு நாம காட்டணும்லா? ஒரே வழிதான் இருக்கு. வண்டி எப்படி நசுங்கிக் கிடந்துச்சு, யாரு கழுவினா, யாரு தட்டினான்னு உங்கம்மா கூண்டுல ஏறிச் சொல்லணும். ஆதம் வந்து சொன்னாலும், கழுவினது யாருன்னு உங்கம்மாகிட்டதான் வந்து நிக்கும். அந்தப் பக்கத்து வக்கீல் சும்மா விடமாட்டான். சாட்சியத்தை அழிச்சவளே நீதானன்னு கேப்பான்."

இவர் கம்பை ஊன்றி எழுந்துகொண்டார். பிறகு, "அம்மைக்கு இது தெரியவே கூடாது. தெரிஞ்சா கயித்துல நாண்டுக்கிட்டு நின்னுருவா" என்றார்.

"அப்பம் ஒத்துக்கிட வேண்டியதுதான். அபராதத்தோட போயிரும்."

"பஸ்ஸுக்காரன்?"

வக்கீல் கேஸ்கட்டை மூடிக் கட்டினார்.

கோர்ட்டில் இவரைக் கூப்பிட்டார்கள். கம்பை ஊன்றி, கூண்டின் இடது ஓரமாகப் போய் நின்றார். அங்கேயும் இடது ஓரம்! வெளிச்சம் இல்லாமல் வந்து, தன் தவறால் விழுந்ததாகப் படித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

ரோட்டில் ஒருநாளும் விலகிக் கொடுக்காத மனுஷன், "ஒத்துக்கிடுதேன் ஐயா" என்றார்.

வெளியே வந்தோம். கோயிலுக்குப் போயிருந்த மாமியார் பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்தாள். அதே பச்சைப் பஸ்தான் வந்தது. எங்கள் ஊருக்கு வேறு பஸ் கிடையாது. கண்டக்டரே இறங்கி வந்து, கக்கத்தில் கைகொடுத்து இவரை ஏற்றி, முன் சீட்டில் உட்காரவைத்தான். அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஜட்ஜய்யா என்ன சொன்னாருய்யா?" என்று மாமியார் கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சிட்டும்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. முந்தியில் முடிந்து வைத்திருந்த புற்றுமண்ணை எடுத்து, எச்சில் தொட்டுக் குழைத்து, மகன் நெற்றியில் பூசினாள்.

"அன்னைக்கு ஒரு பொட்டு அடையாளம் இல்லாம வண்டியக் கழுவித் தேச்சேம்லா, அதான் கேசும் உன்னய விட்டு ஓடிட்டு. நான் சும்மா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? என்னட்டி, நான் சொல்லுதது சரிதான?"

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் அத்தே" என்றேன்.