அமைச்சர் சுமந்த காகிதம்

லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் பிரேவினிஷ் என்று ஓர் ஊர். அங்கே அடிக்கிற காற்றைப் பற்றி உள்ளபடி சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஆகையால் குறைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிறன்று தேவாலயத்தில் சங்கீதத்துக்கு வரி எடுத்துக் கொடுப்பவர் ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார். அவர் எடுத்துக் கொடுத்த வரியைக் காற்று தூக்கிக்கொண்டு போய் அடுத்த ஊர்த் தேவாலயத்தில் போட்டுவிட்டது. அவர்களும் பாடி முடித்துவிட்டார்கள். அந்த வரி யாருடையது என்பதில் இரண்டு சபைகளுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அந்த ஊரின் கடைசி வீட்டில், கடலுக்கு நேர் முகமாக, ஹெக்டரினா தனியாக இருந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். தீவில் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்பது அத்தனையும் அவளுக்குத் தெரியும். ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. அதனால் ஊரே அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது.

அவளுக்கு ஒரு பாய்லர் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முன்பு அவள் வீட்டில் சதுப்பு மண்கட்டி எரிக்கும் அடுப்பு இருந்தது. அந்தப் புகை உலகத்துக்கு ஆகாது என்று முந்தைய அரசாங்கம் அடுப்பைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் மின்சார பாய்லர் ஒன்றை வைத்துவிட்டுப் போனது. பாய்லர் இரண்டு குளிர்காலம் உழைத்துவிட்டு நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கேட்டபோது, அதை வைத்த திட்டமே முடிந்துவிட்டது, எனவே பாய்லரும் முடிந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. வீட்டைச் சூடாக்க வழியில்லாதவர்களுக்குப் புது பாய்லர் தரும் உதவி ஒன்று உண்டு. அதற்கு வெளியே தண்ணீர் உறைய வேண்டும். பிரேவினிஷில் தண்ணீர் உறையாது, கடல் விடாது. அங்கே குளிர் காற்றாகத்தான் வரும். வெப்பமானிக்கோ காற்று தெரியாது. அதிலும் அரசாங்கத்தின் வெப்பமானி விமான நிலையச் சுவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது.

இது ஒரு துறை. இன்னொன்று மறுசுழற்சித் துறை.

பிரேவினிஷுக்குக் காகிதம் அள்ளும் லாரி ஞாயிறு நள்ளிரவு தாண்டிய கையோடு வந்து, திங்கள் முதல் கப்பலைப் பிடிக்க ஓடிவிடும். அதற்குக் காகிதம் போடும் நீலத் தொட்டியை ஞாயிற்றுக்கிழமையே தெருவில் வைத்தாக வேண்டும். ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாள், அன்று துணி காயப்போடாத ஊர் அது. உருளைக்கிழங்கைக்கூட சனிக்கிழமையே தோல் சீவிவிடுவார்கள். தொட்டியை யார் உருட்டுவது? சனியன்றே வைக்கலாமே என்று ஒருவர் வைத்துப் பார்த்தார். தொலைவில் நடுக்கடலில் கிடக்கும் ஃபாரோ தீவுகளிலிருந்து ஒரு மீனவர் நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். தொட்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்ததாம்.

லாரி ஒவ்வொரு வாரமும் வெறுந்தெருவைப் பார்த்துவிட்டுப் போகும். பிரேவினிஷ் மக்கள் காகிதமே பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்து, கவுன்சில் அந்த ஊருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூட அனுப்பியது. அதுவும் காகிதம்.

இப்படிச் சேர்ந்த காகிதத்தை எல்லாம் ஊரார் ஹெக்டரினாவின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் அதைக் கட்டுக்கட்டாக வடக்குச் சுவரோரம் தரையிலிருந்து கூரைவரை அடுக்கினாள். பாதிக்கு மேல் அரசாங்கத்தின் துண்டுப்பிரசுரங்கள். ‘காகிதத்தை மறுசுழற்சிக்குக் கொடுங்கள்’ என்பது ஒரு கட்டு, ‘வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது எப்படி’ என்பது அடுத்த கட்டு. இரண்டாவது வகை சொன்னதைச் செய்தது. காற்று அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

வீடு சூடானாலும் பாய்லர் பாய்லர்தானே? தலைக்குமேல் காகித மலை சரியுமோ என்று பயந்துகொண்டு எத்தனை நாள் தூங்குவது? வெந்நீருக்கு எங்கே போவது? அவள் விடாமல் கேட்டாள். ஊரும் அவளோடு சேர்ந்து கத்தியது. கடைசியில் தலைநகர் எடின்பரோவிலிருந்து அமைச்சர் ஆக்டர்லோனி நேரில் வந்து பதில் சொல்வதென்று முடிவாயிற்று. செலவைக் குறைக்க வெப்பத்தையும் குப்பையையும் அவர் ஒருவரிடமே கொடுத்திருந்தார்கள். திங்கள் காலை அளவை அதிகாரி ஹெக்டரினா வீட்டை அளப்பார். வெளியே தண்ணீர் உறையாவிட்டாலும் வீட்டுக்குள் குளிர் என்று ஆனால் பாய்லர் உண்டு. பிறகு ஊர் மண்டபத்தில் கூட்டம்.

திங்கள் விடிந்ததும், அதிகாரி வருமுன், ஆள் சேர்ந்து காகிதத்தை வெளியேற்றிவிடுவது என்பது ஊரின் ஏற்பாடு.

அமைச்சர் ஞாயிறு மத்தியானமே வந்துவிட்டார்.

ஹெக்டரினா காலை ஆராதனை முடிந்து வந்து, பக்கத்து வீட்டு லாக்லனோடு ஆறிப்போன ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லாக்லன் சபை மூப்பர். சிரித்தால் அன்று முழுவதும் வருத்தப்படுகிற மனிதர். கதவு திறந்தது. சிவந்த முகத்தோடு அமைச்சரும், அவருக்குப் பின்னால் அவருடைய செயலாளர் மோர்வென் என்ற பெண்ணும் நுழைந்தார்கள்.

“ஒரு நாள் முன்னாடியே வந்து மக்களோட கலந்து பழகலாம்னு பார்த்தேன்,” என்றார் அமைச்சர். “தெருவுல ஒரு ஈ காக்கா இல்லையே?”

“எல்லாரும் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க,” என்றாள் ஹெக்டரினா. “உட்காருங்க.”

அமைச்சர் கோட்டைக் கழற்றினார். பிறகு ஸ்வெட்டரையும் கழற்றினார். “ஆஹா, என்ன கதகதப்பு! எங்க வீடுகூட இப்படி இருக்காது. மோர்வென், நாளைக்கு அளக்கிற ஆள் எதுக்கு? வேண்டாம்னு சொல்லிடு.”

ஹெக்டரினாவின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. மூன்று வருடக் கூச்சல் ஒரு ஸ்வெட்டரோடு கழன்று நாற்காலியில் கிடந்தது.

“அந்தக் கதகதப்பு வீட்டோடது இல்ல தம்பி. அதோ அதோடது,” என்று சுவரைக் காட்டினாள்.

அமைச்சர் அப்போதுதான் பார்த்தார். “என்னது இது?”

“உங்க காகிதம். பாதி நீங்க அனுப்பினது.”

“இவ்வளவா? ஏன் லாரியில போடல?”

“லாரி இன்னிக்கு ராத்திரி வருது. அதுக்கு இன்னிக்கே வெளிய வைக்கணும். இன்னிக்கு எங்க ஊர்ல எதையும் தூக்க மாட்டோம். யாரையும் தூக்கச் சொல்லவும் மாட்டோம்.” கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

அமைச்சரின் முகத்தில் விளக்கு எரிந்தது. “மோர்வென், படம் எடுக்க ஃபோன் இருக்கில்ல? சொந்தக் கையால சுமக்கிற அமைச்சர்! பத்திரிகைக்கு இதைவிட என்ன வேணும்?” சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் கட்டைத் தூக்கிவிட்டார்.

ஹெக்டரினா லாக்லனின் காதருகே குனிந்தாள். “நான் கேக்கல. நீயே சாட்சி.”

“கேக்கல,” என்றார் லாக்லன்.

“ஆனா தடுக்கணுமோ? நம்ம கூரைக்குக் கீழ ஓய்வுநாள்ல ஒருத்தன் வேலை செய்யிறானே.”

லாக்லன் கறியை மென்று முடிக்கும்வரை யோசித்தார். “இவ்வளவு பெரிய ஆளைத் தடுக்கணும்னா எழுந்து, கையைப் பிடிச்சு, இழுக்கணும். அது வேலை, ஹெக்டரினா. இன்னிக்கு வேலை செய்யக் கூடாது.”

இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சர் சுமந்தார். தெருவோரம் அடுக்கி, கொல்லையில் கிடந்த பழைய மீன்வலையைப் போர்த்தி, நான்கு மூலையிலும் பாறாங்கல் வைத்தார். எதிர்வீட்டு ஜன்னல்களில் திரைகள் நடுங்கின. அமைச்சரையோ மோர்வெனையோ யாரும் குறை சொல்லவில்லை. எடின்பரோக்காரர்கள், பாவம், அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

கடைசிக் கட்டு வெளியே போனதும் காற்று உள்ளே வந்தது.

முதலில் மேசை மேலிருந்த வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தது. பிறகு தேநீர்க் கோப்பைக்குள் அலை எழுந்தது. பூனை தன் வாலைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனது. அமைச்சர் ஸ்வெட்டரைப் போட்டார், அதன்மேல் கோட்டைப் போட்டார், அதற்குமேல் எதைப் போடலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“கதவு எதுவும் திறந்திருக்கா?”

“சாத்தித்தான் இருக்கு,” என்றாள் ஹெக்டரினா.

இரவே எடின்பரோவுக்குத் திரும்பிவிடலாம் என்று பார்த்தால், விமானம் ரத்து என்று மோர்வெனுக்குச் செய்தி வந்தது. கப்பலும் இல்லை. ஓய்வுநாளில் விடுதி நடத்துகிறவர் கதவைத் திறக்க மாட்டார். மோர்வெனை லாக்லனின் தங்கை தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள், அந்த வீட்டில் அடுப்பு இருந்தது. வந்த விருந்தாளியை வெளியே நிறுத்தலாகாது என்பதால் அமைச்சருக்கு ஹெக்டரினா வடக்கு அறையைக் கொடுத்தாள். கம்பளிகள் எல்லாவற்றையும் கொடுத்தாள். அதில் அவள் குறை வைக்கவில்லை.

அளவை அதிகாரியும் ஓய்வுநாளில் ஃபோனை எடுப்பதில்லை, வர வேண்டாம் என்ற செய்தி அவருக்கு எட்டவில்லை. திங்கள் காலை அவர் வந்தபோது, காகிதத்தை லாரி கொண்டுபோயிருந்தது. அடுப்படியில் ஒரு கம்பளி மூட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதற்குள் அமைச்சர் இருக்கிறார் என்பது அதிகாரிக்குத் தெரியாது. அவர் வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், தலையை ஆட்டினார்.

“வெளியே ஏழு டிகிரி, உள்ளே எட்டு. வெளியைவிட உள்ள சூடு ஜாஸ்தி. அதனால இந்த வீடு சூடேத்தப்பட்ட வீடு. உதவி கிடையாதும்மா.”

“எந்த மடையன் எழுதின விதிய்யா அது?” என்று கம்பளி மூட்டை கேட்டது.

“அமைச்சர் ஆக்டர்லோனி எழுதினது,” என்றார் அதிகாரி.

மூட்டை இன்னொரு கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டது.

மண்டபத்தில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. அமைச்சர் கம்பளிகளோடே மேடையேறினார். கழற்றச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். முதல் கேள்வி ஹெக்டரினாவுடையது.

“ராத்திரி குளுருச்சா, தம்பி?”

“அ-அரசாங்கத்தின் அளவீட்டின்படி,” என்று அமைச்சர் ஆரம்பித்தார். பற்கள் தாளம் போட்டன. “வெ-வெப்பமானி காட்டிய அளவு...”

“வெப்பமானிய நான் கேக்கல. அது எங்க வீட்ல படுக்கல. நீதான் படுத்த. குளுருச்சா?”

மோர்வென் வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினாள். ஓர் அமைச்சர் ஆம் அல்லது இல்லை என்று நேராகப் பதில் சொல்லி அந்தத் தீவில் யாரும் கேட்டதில்லை.

“செத்தேன்,” என்றார் அமைச்சர். “என் காது எங்க இருக்குன்னு விடியிற வரைக்கும் தெரியல. காத்தையும் கணக்குல சேர்க்கணும். இன்னிக்கே சேர்க்கிறேன்.”

கைதட்டலில் கூரை கொஞ்சம் நகர்ந்தது, அல்லது காற்றாக இருக்கலாம்.

“அப்போ பாய்லர்?” என்றாள் ஹெக்டரினா.

“வசந்த காலத்துக்குள்ள உறுதியா வந்துடும்மா.”

“ரொம்ப சந்தோஷம். காத்து அடங்கிக் கப்பல் வர வியாழக்கிழமை ஆகும்ங்கிறாங்க. அதுவரைக்கும் நீ எங்க தங்குவ?”

அமைச்சர் லாக்லனைப் பார்த்தார்.

“எங்க வீட்ல அந்தப் பொண்ணு இருக்கு,” என்றார் லாக்லன். “இடம் இல்ல.” விடுதிக்காரர், திங்கள் முதல் வியாழன்வரை தன் விடுதியில் வண்ணம் பூசுவதாக அப்போதுதான் முடிவு செய்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். பிரேவினிஷ் அன்று அநியாயத்துக்கு நிரம்பி வழிந்தது.

அமைச்சர் மண்டபத்துத் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் யாரோ திட்டம், ஒப்பந்தம், வரிசை என்று ஏதோ சொல்லியிருக்க வேண்டும். “வரிசையா?” என்று அவர் கத்தினார். “வரிசையில முதல்ல நிக்கிறது நான்யா! முதல் கப்பல்ல பாய்லர் வரலைன்னா அடுத்த கப்பல்ல உன்னை இங்க வரவழைச்சு அந்த வடக்கு ரூம்ல படுக்க வைப்பேன்!”

வியாழக்கிழமை கப்பலில் பாய்லர் வந்தது. மாட்டுகிற ஆளும் வந்தான். சாயங்காலம் குழாய்களுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வடக்குச் சுவரில் இருந்த, வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் மெல்ல மெல்லச் சூடாயிற்று. ஹெக்டரினா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் அமைச்சர் அதே ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி நின்றார். கம்பளி ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது.

வாசலில் மோர்வென் பெட்டியோடு நின்றாள். “சார், கப்பல் கிளம்பப் போகுது.”

“ம்.”

“சார், நாளைக்கு மந்திரி சபைக் கூட்டம்.”

“அங்க ஹீட்டர் சரியா வேலை செய்யாது,” என்றார் அமைச்சர், கண்ணைத் திறக்காமலே.

துறைமுகத்தில் கப்பல் ஒருமுறை ஊதியது. சற்று நேரம் கழித்து மறுமுறை ஊதியது.

“தம்பி, கப்பல் போகுது,” என்றாள் ஹெக்டரினா.

“போகட்டும்மா.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், கொதிக்கிற பானையில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கைப் போட்டாள்.