பிரிக்காத பாக்கெட்

பலகையில் பச்சை வில்லையை ஒட்டப் போன கை பாதி வழியில் நின்றுவிட்டது. மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் தர ஆய்வாளராகச் சேர்ந்து அவளுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. ஆறு பிரிவுகளும் தினமும் காலை ஒன்பது மணிக்கு நடைக்கூடத்துப் பலகையில் ஆளுக்கொரு காந்த வில்லை ஒட்ட வேண்டும். எல்லாம் சரி என்றால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அது தீரும்வரை லாரி கிளம்பக் கூடாது. வெளியிலிருந்து யார் வந்தாலும் மேலாளர் முதலில் காட்டுவது இந்தப் பலகையைத்தான். "எங்க கலாசாரமே இதுதான். இங்க யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்ல" என்பார். நேர்காணலன்று அதைக் கேட்டு உருகித்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

இரண்டரை மாதத்தில் ஒருநாளும் அதில் சிவப்பைப் பார்த்ததில்லை. என்ன அருமையான கம்பெனி என்றுதான் முதலில் நினைத்தாள். போகப் போகத்தான் பிடிபட்டது. இங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. குறை இருந்தால் டீ வரிசையில் நிற்கும்போது காதோடு காதாகச் சொல்ல வேண்டும். கேட்பவர் பரிவோடு தலையாட்டுவார். அத்துடன் அந்தக் குறைக்குச் சகல மரியாதையும் செய்தாயிற்று. கொக்கி விஷயத்தை அவளும் அப்படித்தான் போன வாரம் மூன்று பேரிடம் சொன்னாள், மேலாளர் உட்பட. கட்டிலின் பக்கக் கம்பியைத் தாங்கும் புதுக் கொக்கி, முப்பது கட்டிலில் இரண்டில் நழுவுகிறது. நோயாளி தூக்கத்தில் புரண்டு சாய்ந்தால் கம்பியோடு கீழே போக வேண்டியதுதான். மூன்று பேரும் மனதார நன்றி சொன்னார்கள். கட்டில்கள் இன்று மதியம் லாரி ஏறுகின்றன.

"என்ன மேடம், கை வலிக்கலையா?" என்றபடி பொருத்தும் பிரிவின் மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றாள். அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா.

"அந்தக் கொக்கிய மாத்திட்டாங்களாக்கா?"

"அடுத்த லோடுல மாத்திடுவாங்க. வெள்ளிக்கிழமைதானே உங்களை நிரந்தரம் பண்றாங்க? இன்னும் ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாள், அதுதான் சங்கடம். இவளுக்கு நான்கு வருடத்தில் இது மூன்றாவது கம்பெனி. முந்தைய இரண்டிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் வெளியே வந்தாள். ஒவ்வொரு முறையும் ஊர் மாறியது, மகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. இங்கே வந்துதான் அந்தப் பிள்ளைக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். காலையில் தலை பின்னிவிடும்போது, "நாம இந்த ஸ்கூல்லயே இருப்போம்லம்மா?" என்று கேட்டது. இவளும் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த "ம்" அப்போதிலிருந்து அவளைப் படுத்திக்கொண்டிருக்கிறது.

பச்சையைப் பையில் போட்டுக்கொண்டு சிவப்பைத் தேடினாள். பலகையின் கீழ்த்தட்டில் பச்சை மட்டும்தான் குவிந்து கிடந்தது. கிடங்குக்குப் போனாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள் கிடங்குக்காரர். "சிவப்பு வில்லை வேணுமே" என்றதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மேல் அலமாரியில் கைவிட்டுத் துழாவி ஒரு பாக்கெட்டை எடுத்துத் தூசி தட்டினார். உள்ளே பத்து வில்லைகள். வாங்கி நான்கு வருடம் ஆகியும் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. கத்தரியால் ஓரத்தை வெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"எதுலயாவது கையெழுத்துப் போடணுமா?"

"இதுக்கு நோட்டே போடலம்மா."

சிவப்பை ஒட்டிவிட்டுத் தன் மேஜைக்கு வந்தாள். இருப்புக்கொள்ளவில்லை. கடந்து போனவர்கள் பலகையைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி போனார்கள். பத்து மணிக்கு மேலாளரே சிரித்த முகத்தோடு தேடி வந்தார்.

"எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமேம்மா. நாமல்லாம் ஒரே குடும்பம்தானே?"

"போன வாரமே சொன்னேன் சார்."

"அப்படியா? சரி, பாத்துக்கலாம்." அதே சிரிப்போடு போய்விட்டார்.

அரைமணி கழித்து எழுந்துபோய்ப் பார்த்தாள். அவளுடைய கட்டத்தில் பச்சை வில்லை ஒட்டியிருந்தது. வரிசையாக ஆறு பச்சை, எல்லாம் நேராக. வெளியே முற்றத்தில் கட்டில் ஏற்ற லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. இனி பழி தன்மேல் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, வெள்ளிக்கிழமை வரை இப்படியே இருந்துவிடலாம் என்று தன் மேஜையைப் பார்த்து நாலு எட்டு நடக்கவும் செய்தாள். பிறகு கால் கிடங்குப் பக்கம் திரும்பிவிட்டது.

அவள் வாயைத் திறக்கும் முன்பே கிடங்குக்காரர் பாக்கெட்டை அப்படியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் ஒம்பது இருக்கு" என்றார்.

பலகைக்கு வந்து பச்சையைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பை ஒட்டினாள். மிச்சம் எட்டும் இடது கையில் இருந்தன. நடைக்கூடத்தின் மறுமுனையில் யாரோ நடந்து வரும் பூட்ஸ் சத்தம். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஒட்டிய வில்லையின் மேலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.