பனி வராமல் காடு திறக்காது

எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஜூனிப்பர் காட்டுக்கு வேலி கிடையாது. மலையில் அடங்கியிருக்கும் இறைநேசர் அவுலியாவின் பேரைச் சொல்லி அடைத்திருக்கிறோம், அதுவே வேலி. பனி கொட்டி, ஆடுகள் மேயப் போக முடியாத நாளில்தான் ஊர் ஜமாஅத் கூடி அதைத் திறக்கும். திறந்த பிறகு வீட்டுக்கு ஒரு பொம்பளை போய்த் தழை வெட்டி வரலாம். அதற்கு முன்னால் ஒரு கிளையைத் தொட்டவர், தன் கொட்டிலில் நிற்கும் ஆட்டையே அறுத்து ஜமாஅத்துக்கு விருந்து வைக்க வேண்டும். ஒரு துண்டுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் குற்றம் தீராது, அவுலியா தன் பங்கை அந்த வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்வார். எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அந்த வருடம் பருவம் தாண்டியும் பனி வரவில்லை. மழையும் ஏமாற்றிவிட்டது. வாற்கோதுமை முளைத்த இடத்திலேயே கருகியது. மலை முழுக்கக் காய்ந்து கிடக்க, அந்த ஜூனிப்பர் மட்டும் பாறைக்குள் வேரை விட்டுக்கொண்டு பச்சைப்பசேலென்று நின்றது. எங்கள் ஆடுகள் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்துக் கத்தும்.

ஊர்த்தலைவர் ஹம்முவை வழியில் மறித்தேன்.

"ஏன் மாமா, பனி வந்தாத்தான் பசிக்குமா? பனி வராட்டி ஆடு காத்தைக் குடிச்சுக்கிட்டு கெடக்குமா?"

"இப்பவே வெட்டித் தின்னுட்டு நாளைக்குப் பனி கொட்டுனா என்னத்தப் போடுவ ஹத்தா? ஒன் வாயையா?"

"என் வாயப் போட்டா ஒங்க ஆட்டுக்குச் செரிக்காது."

சிரித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த மரம் சுலபத்தில் சாகாது, ஆனால் வளரவும் வளராது. ஒரு கிளை போனால் இன்னொன்று வர ஒரு ஆயுசு வேண்டும்.

பக்கத்து வீட்டில் தூதா இருந்தாள். எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி. அவள் புருஷன் கசபிளாங்கா பட்டணத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். மகள் இத்தூ அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். பேறுகாலத்துக் காய்ச்சலில் தூதாவுக்குப் பால் வற்றிவிட்டது. ஊரில் பால் கொடுக்கும் தாய் வேறு ஒருத்திதான், அவளுக்கோ இரட்டைப் பிள்ளைகள். எங்கள் ஆடுகளெல்லாம் பசியில் மடி சுருங்கி நின்றன. தூதாவின் கொட்டிலில் மிஞ்சியிருந்த ஒற்றை ஆடுதான் பால் கொடுத்தது. பருவம் தப்பிப் போட்ட குட்டி செத்துப்போனதால் அந்தப் பால் முழுக்க இத்தூவுக்கு. அதுவும் குறையத் தொடங்கியதும், ஒரு சாயங்காலம் தூதா காட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வருடம் காட்டுக் காவல் முறை யாருக்கு வந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர் பஸ்ஸூவுக்கு. முந்தானைக்குள் தழையோடு இறங்கி வந்தவளைக் கையும் களவுமாகப் பிடித்து, ஜமாஅத்தில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார் மனுஷன்.

"ஒரே ஒரு கிளை! கண்ணு தெரியலன்னு திரும்பி வந்திருக்கக் கூடாதா?"

"அவுலியா தர்ஹாவுல கை வச்சு சத்தியம் பண்ணிருக்கேன்டி."

"ஒங்க சத்தியத்தக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க."

நான் கத்தினேனே தவிர, ஜமாஅத் ஈரத்தோடுதான் நடந்துகொண்டது. புருஷன் ஊருக்கு வரட்டும், அப்புறம் விருந்து வைத்தால் போதும் என்று ஹம்மு சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் விடியும்போது இத்தூவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தூதா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தாள்.

"பஸ்ஸூ அண்ணே, இத அறுங்க."

நான் பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். "ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? புள்ளைக்குப் பல்லு மொளைக்குதுடி. அதான் சூடு."

"பல்லு இல்ல அக்கா. குத்தத்த வீட்டுல வச்சுக்கிட்டு நான் படுத்துத் தூங்கிட்டேன். அவரு கேக்க ஆரம்பிச்சுட்டாரு."

"ஜமாஅத்தே பொறுத்துக்கிச்சே!"

"ஜமாஅத்து பொறுத்துச்சு. அவுலியா பொறுக்கலயே."

"அப்ப என் ஆட்டுல ஒண்ணப் புடிச்சுக்க."

"என் கொட்டில்ல இருந்துல்ல வரணும்." அவள் அழவில்லை. பஸ்ஸூவை நேராகப் பார்த்தாள். "நீங்கதான புடிச்சீங்க? நீங்களே தீத்து வைங்க. எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க தலையிலதான்."

பஸ்ஸூ என்னைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல ஒரு கல்நெஞ்சு வேண்டும்.

பெரிய சட்டியில் நானும் அவளும் சேர்ந்துதான் சமைத்தோம். எலும்பும் தோலுமான ஆடு, கறி என்று என்ன இருந்திருக்கும்? ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஊரே பசியில் கிடந்த நேரம், ஒருவருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. தூதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, ஒங்க பக்கம் இன்னும் ஒரு துண்டு கெடக்கு. சாப்புடுங்க."

ஹம்முவுக்குப் பல் கிடையாது. கண்ணில் நீர் வழிய வழிய அந்தத் துண்டைச் சப்பி விழுங்கினார். எலும்பைக்கூட உறிஞ்சிவிட்டுத்தான் எழுந்தார்கள். சட்டியை நான்தான் கழுவினேன். சுத்தமாக இருந்தது.

அன்று மாலையே காய்ச்சல் இறங்கியது. தூதா ஓடிவந்து என் தலையில் முத்தமிட்டாள். "பாத்தியா அக்கா! ஏத்துக்கிட்டாரு!" அவள் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அதற்கப்புறம்தான் பால் வேண்டுமே! அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இத்தூ அழுதாள், அழுதாள், எங்கிருந்து வரும்? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். வற்றிய மடிகளைப் பிழிந்து பெண்கள் ஆளுக்கு ஒரு சொட்டு கொடுத்தார்கள். இரட்டைப் பிள்ளைக்காரி தன் மார்பையே கொடுத்தாள், அதிலும் ஒன்றுமில்லை. வாற்கோதுமைக் கஞ்சியை வடித்து ஊட்டினோம், வாந்தியாக வந்தது. சர்க்கரைத் தேநீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம். கடைசியில் பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. தூதாவின் மடியிலேயே அடங்கிப்போனாள்.

அடக்கம் முடிந்த சில நாளில் பனி கொட்டியது. சண்டாளப் பனி! ஹம்மு கூரையில் ஏறி, காடு திறந்தாச்சு என்று கூவினார். நானும் போனேன். போகாமல் என்ன செய்ய, என் ஆடுகளும் உயிர்தானே. தழைக்கட்டோடு திரும்பி வந்தபோது தூதா என் வாசலில் நின்றிருந்தாள்.

"யாரு மிச்சம் வச்சது அக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"விருந்துல யாரோ மிச்சம் வச்சிருக்காங்க. இல்லன்னா அவரு ஏன் எம்புள்ளைய எடுக்கணும்? காச்சலையும் எறக்கி வுட்டுட்டு?" அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "ஹம்மு மாமா சாப்புட்டாரு. பஸ்ஸூ அண்ணன் சாப்புட்டாரு. எல்லாரையும் நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். யாருமே வைக்கலயே அக்கா..." அவள் பார்வை மெல்லத் திரும்பி, தன் காலிக் கொட்டிலில் போய் நின்றது. "யாருமே வைக்கலன்னா... அப்ப... அந்தப் பாலு..."

அந்தப் பேச்சை அவள் முடித்துவிட்டால் அன்றைக்கே செத்துப்போவாள்.

"நான்தான்டி," என்றேன். "சட்டியில ஒரு துண்டு ஒட்டியிருந்துச்சு. கழுவுறப்ப நாய்க்குப் போட்டுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "நீயா?" என்று கேட்டு, ஓங்கி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். என் வயிற்றையும் என் வீட்டையும் சேர்த்துச் சபித்தாள். பஸ்ஸூ ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி வெளியே வந்தார். நான் முறைத்த முறையில் அப்படியே நின்றுவிட்டார்.

தூதா இன்றும் இருக்கிறாள். புருஷன் திரும்பி வந்தான், அப்புறம் இரண்டு மகன்களும் பிறந்தார்கள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. ஊற்றில் நான் நின்றால் காலிக் குடத்தோடு திரும்பிவிடுவாள். அவள் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றும். சபிக்கட்டும். சபிக்கவாவது அவள் உயிரோடு இருக்கிறாளே. அந்தச் சட்டியில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை என்று யாரும் அவளிடம் போய்ச் சொல்லிவிடக் கூடாது, எனக்கு அது போதும்.