புல் பதியாத துணி

பனி விலகும்போது முதலில் தெரிவது சரிவு. அப்புறம் புல். அப்புறம்தான் வெயில்.

கார்த்திகையில் புல் பச்சையாக இருப்பதில்லை. வெளிறிய மஞ்சள். காற்று ஒரு பக்கமாகத் தடவினால் வெள்ளை, மறுபக்கமாகத் தடவினால் தவிட்டு நிறம். நடுவே பூக்கள் உண்டு. குனிந்தால்தான் தெரியும், குனிகிறவர்கள் குறைவு.

கொடைக்கானலுக்கு அப்பால், மேல்மலையில், எங்கள் வீட்டுக்கு எதிரே அந்தச் சரிவு இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

நான் துணியில் இலை பதிக்கிறவள். பெயர் தெய்வானை. வயது நாற்பத்தாறு. பட்டுத் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைப்பேன். ஈரம் காயும் முன் விரித்து, மேலே இலைகளை அடுக்குவேன். அதன்மேல் துருத்துணி. பழைய ஆணிகளைப் புளித்த கஞ்சியில் பத்து நாள் போட்டால் வரும் துருத்தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி அது. எல்லாவற்றையும் மூங்கில் கழியில் இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி, அண்டாவில் இரண்டு மணி நேரம் ஆவியில் வைப்பேன். இறக்கி ஒரு நாள் ஆறவிடுவேன்.

பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுவேன், அவ்வளவுதான்.

எல்லா இலையும் பதியாது. கொய்யா பதியும். மாதுளை பதியும். தைலமரம் பதிவதுபோல் எதுவும் பதியாது. பட்டில் சும்மா வைத்தால் போதும். ஆரஞ்சு வரும். செங்கல் சிவப்பு வரும். நரம்பு நரம்பாக, பூச்சி கடித்த ஓட்டை உட்பட வரும்.

புல் பதியாது. புல்லில் சாயம் இல்லை. எத்தனை கட்டு வைத்தாலும், எத்தனை மணி நேரம் ஆவியில் வைத்தாலும், புல் எதையும் விட்டுப்போகாது.

ஒரு காலத்தில் இந்த மலை முழுக்கப் புல். மடிப்புகளில் மட்டும் சோலை, மற்றதெல்லாம் புல். பெய்கிற மழையை வேரில் பிடித்துவைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும் புல். அதைத் தரிசு என்று எழுதினார்கள். தரிசில் மரம் நட வேண்டும் என்றார்கள். தைலமரம் நட்டார்கள், சீகை மரம் நட்டார்கள். மரம் வளர்ந்தது. புல் போனது. ஓடைகள் மாசியிலேயே வற்றத் தொடங்கின.

நட்டவர்களில் ஒருவர் என் அப்பா.

குழந்தைவேலு. பத்தொன்பது வயதில் நாற்றங்கால் வேலைக்குப் போனவர். நடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு கை அகலத்துக்குப் புல்லைச் செதுக்கு. வேரோடு எடு. குழி போடு. நாற்றை வை. மிதி. அடுத்தது. இதை அப்பா பாட்டுப்போலச் சொல்வார். முப்பத்தொன்பது வருடம் இதைச் செய்தார். எதிர்மலையைக் காட்டி 'நான் வச்ச காடு' என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் முதுகு நிமிரும்.

ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். டீக்கடையில் ஓடையைப் பற்றிப் பேச்சு வரும். அப்பா உள்ளே நுழைந்தால் பேச்சு முட்டைக்கோஸ் விலைக்குத் தாவிவிடும். நல்ல மனிதர், வயதானவர், எதற்கு வம்பு.

நானும் சொன்னதில்லை. வாய் வரைக்கும் வரும். முழுங்கிவிடுவேன். எழுபத்தாறு வயது மனிதரிடம் போய், உங்கள் வாழ்நாள் வேலை தப்பு என்று எந்த மகள் சொல்வாள்? எனக்குப் பயமாக இருந்தது. அந்த முதுகு குனிவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. ஓய்வுபெற்ற பிறகு என் வேலைக்கு வந்து சேர்ந்தார். முற்றத்தில் காற்று ஓயாது. விரித்த துணியில் சருகும் தூசும் பக்கத்து மாட்டுக்கொட்டகை வைக்கோலும் வந்து விழும். அதையெல்லாம் பொறுக்குவது அவர் வேலை. சுருட்டிக் கட்டுவதும் அவர் வேலை. நாற்றுக்கட்டு கட்டிய கை. அவர் போட்ட முடிச்சு ஒருநாளும் நெகிழ்ந்ததில்லை.

இந்த வருடம் கண்ணில் புரை என்று ஒட்டன்சத்திரத்தில் என் தம்பி வீட்டுக்குப் போனார். ஆபரேஷன், சொட்டு மருந்து, ஓய்வு. நான்கு மாதம் வரவில்லை.

அந்த நான்கு மாதத்தில்தான் புல்லுக்கு வழி கண்டுபிடித்தேன்.

புல் பதியாது, சரி. ஆனால் மறைக்கும். பட்டுக்கும் துருத்துணிக்கும் நடுவே புல்லை நீட்டி வைத்தால், புல்தாள் இருக்கும் இடத்தில் துரு இறங்காது. சுற்றிலும் சாம்பல் நிறம் பிடிக்க, புல் கிடந்த இடம் மட்டும் கடுக்காயின் வெளிறிய மஞ்சளில் நிற்கும். கார்த்திகைப் புல்லின் அதே மஞ்சள். முதல் துண்டைப் பிரித்தபோது நான் அழுதேன். நான் அழுகிற ஆள் இல்லை.

சின்னத் துண்டுகள் அவை. பெரிய துணி ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து மீட்டர். நடுவே எதிர்ச்சரிவின் புல், விதைக்கதிரோடு. ஓரங்களில் தைல இலை, உள்ளே நெருங்கி வருவதுபோல். பார்க்கிறவர்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது.

எதிர்ச்சரிவு பட்டா நிலம். விற்றாகிவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் குடில்கள் கட்டப்போகிறார். மற்றச் சரிவுகள் காப்புக்காடு, அங்கே ஒரு தாளைக்கூடக் கிள்ளக் கூடாது. ஆகவே இந்தக் கார்த்திகைதான், இந்தச் சரிவுதான். மழை விட்டதும் பொக்லைன் வரும் என்றார்கள்.

மழை விட்ட மறுநாள் காலை போய் அறுத்தேன். இரண்டு கை நிறைய. வேரை விட்டுத்தான் அறுத்தேன், பழக்க தோஷம். அங்கே இனி எது முளைக்கப்போகிறது?

அப்பா ஊரிலிருந்து வந்து அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. புதுக் கண்ணாடி. 'என்ன தாயி, மாட்டுக்கா?' என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம்.

முற்றத்துப் பலகையில் பட்டுத் துணியை விரித்தேன். புல்லை ஒவ்வொன்றாக நீட்டினேன். மூன்று மணி நேரம். ஓரங்களில் தைல இலை வைத்தேன். துருத்துணி வாளியில் தயாராக ஊறிக்கொண்டிருந்தது. அப்போது என் போனில் ஒரே ஒரு சிக்னல் கோடு எழுந்து, மணி அடித்து நின்றது. ரெஜினா.

ரெஜினா கொடைக்கானலில் கண்காட்சி நடத்துகிறவர். எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினேன். துணிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைக்கு அவர் வாசகம் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினார். அந்நிய மரங்களை நட்டவர்களின் அறியாமையால் அழிந்த புல்வெளி என்று ஒரு வரி இருந்தது.

'அந்த வரி வேண்டாம் மேடம்.'

'ஏங்க, உண்மைதானே அது?'

'உண்மைதான். வேண்டாம்.'

அரைமணி நேரம் வாதாடினேன். அப்பா படிப்பார், எழுத்துக் கூட்டியாவது படிப்பார் என்று சொல்லவில்லை. என்னென்னவோ காரணம் சொன்னேன். கடைசியில் துணியின் பெயரும் செய்தவர் பெயரும் போதும் என்று ஒத்துக்கொண்டார். சாதித்துவிட்ட நினைப்பில் மேட்டிலிருந்து இறங்கினேன்.

முற்றத்தில் பலகை காலி. துணி சுருட்டிக் கட்டியாகியிருந்தது.

'துருத்துணியையும் போட்டுக் கட்டிட்டேன் தாயி. ஈரம் காஞ்சுருமேன்னு.'

வரிசை பிசகாமல் செய்திருந்தார். முடிச்சுகள் ஒரே இடைவெளியில் இருந்தன. எனக்குச் சந்தோஷம்தான். அண்டாவை ஏற்றினேன்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு எதிர்ச்சரிவில் பொக்லைன் சத்தம் கேட்டது. பத்து மணிக்குப் பாதிச் சரிவு செம்மண். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கட்டு இருக்கிறது, அதற்குள் புல் இருக்கிறது என்றே நினைத்தேன்.

கட்டைப் பிரித்தேன். அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

ஓரத்தில் தைல இலை. செங்கல் சிவப்பு, ஆரஞ்சு, நரம்பு நரம்பாக. இத்தனை வருடத்தில் இப்படிப் பதிந்ததில்லை. நடுவே வெறும் சாம்பல் நிறம். ஐந்து மீட்டரும் அதே சாம்பல்.

ஒரு தாள் இல்லை. ஒரு கதிர் இல்லை.

'எம்புட்டுச் சுத்தமா விழுந்திருக்கு பாரு' என்றார் அப்பா. 'நீ மேட்டுக்குப் போன நேரத்துல துணி பூராம் புல்லு தாயி. காத்துல வந்து விழுந்திருக்கு. ஒண்ணு விடாமப் பொறுக்கிப்புட்டுத்தான் கட்டுனேன். மாட்டுக்கு ஆச்சு.'

எனக்குக் கோபம் வந்தது. துணியைக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. எதிரே பொக்லைன் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அப்பா புதுக் கண்ணாடியோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக.

'நல்லா இருக்குப்பா' என்றேன்.

ரெஜினா வந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் துணியையே பார்த்தார். 'இதையே மாட்டுவோம் தெய்வானை' என்றார். அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

புல்வெளி. செய்தவர்கள்: குழந்தைவேலு, தெய்வானை.

அப்பா பெயரை முதலில் போடச் சொன்னது கோபத்தாலா, மரியாதையாலா என்று எனக்குத் தெளிவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கண்காட்சி தை மாதத்தில். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபம். உயரமான ஜன்னல்கள். பதினோரு மணி வெயில் நேராகத் துணிமேல் விழுந்தது. சிவப்பு எரிந்தது. ஆட்கள் அந்தத் துணிமுன் நின்று போனில் படம் எடுத்தார்கள். மற்ற துணிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா சலவைச் சட்டையில் வந்திருந்தார். அட்டைக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைச் சரிசெய்தார். உதடு அசைந்தது. தன் பெயரைக் கண்டதும் விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுபடியும் படித்தார். இந்த முறை மேல் வரி.

'புல்வெளின்னு போட்டிருக்கு தாயி.'

'ஆமாப்பா.'

துணியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

'புல்லைக் காணோமே.'

நான் தரையைப் பார்த்தேன். இன்னொரு பொய் சொல்லலாம். பெயர் அப்படித்தான் வைப்பார்கள் என்று சொல்லலாம். நம்பிவிடுவார். நான் சொன்ன எதையும் அவர் நம்பாமல் இருந்ததில்லை.

'நீங்க பொறுக்கிப் போட்டதுதான்பா அது. காத்துல வந்து விழல. நான் வச்சது.'

அப்பாவின் கை சட்டைப் பொத்தானைத் திருகியது. எங்களுக்குப் பின்னால் யாரோ சிவப்பு எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

'எதுத்தாப்புல இருந்த புல்லா?'

'ஆமாப்பா.'

'இப்ப அங்க இல்லையே.'

'இல்ல.'

முதுகு குனியவில்லை. நான் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. நேராக நின்றுகொண்டுதான் கேட்டார்.

'எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?'

அவர் மறுபடியும் துணிப்பக்கம் திரும்பினார்.

'அன்னைக்கும் ஒருத்தரும் சொல்லல தாயி. செதுக்குன்னாங்க, செதுக்குனோம். ஓடை வத்துச்சு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் போய் உக்காந்தா டீக்கடையில பேச்சை நிறுத்திருவாங்க. எதுக்கு நிறுத்துறாங்கன்னு எனக்குத் தெரியாதா? யாராச்சும் ஒரு ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்வாங்கன்னு இத்தன வருசமா இருந்தேன். நீயாச்சும் சொல்வேன்னு.'

சுவரோரம் நாற்காலிகள் இருந்தன. இரண்டை இழுத்து ஜன்னலுக்குக் கீழே போட்டேன். அவர் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு ரெஜினா வந்து கூப்பிட்டபோது, 'இரும்மா, இன்னும் முடியல' என்றார் அப்பா.