கோபுரத்தடி மண்

கோபுரத்தின் வயதைக் கண்டுபிடிக்க வந்தவள் இங்கர். அதைக் கெடுத்தவன் எங்கள் அந்தோனிதாசன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சீரழிந்தவன் நான், பீற்றர்.

ஹேர்னிங்குக்கு வெளியே ஒரு கிறிஸ்தவப் பங்குக் கோயில். டென்மார்க்கில் கோயில் கோபுரம் பெரும்பாலும் சதுரம்தான். இது மட்டும் கிணற்றைத் தூக்கி நிமிர்த்தி வைத்த மாதிரி வட்டம். சுவரில் ஈரம் ஏறுகிறது, சுற்றிவரக் கிடங்கு வெட்டுங்கள் என்று 1988 கோடையில் கொம்யூன், அதாவது ஊர் நகரசபை, எங்கள் இருவரையும் அனுப்பியது. வெட்டுகிற சாட்டில் கோபுரம் எப்போது கட்டியது என்று பார்க்க மியூசியம் இங்கரை அனுப்பியது.

கோயிலைவிடக் கோபுரம்தான் பழையது என்று ஊர்க்காரர் பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கர் சந்து பொந்தெல்லாம் தடவிப் பார்த்தாள். கோபுரத்தின் கருங்கல் கோயில் சுவருக்குள் பின்னிப் போகவில்லை, பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு கட்டியதுதான் என்றாள். எவ்வளவு காலம் பிறகு? அதற்கு விடை அத்திவாரக் கல்லுக்குக் கீழே கிடந்தது. எரிந்து கறுத்த மண், உள்ளே கரித்துண்டுகள். கரியின் வயது தெரிந்தால் கோபுரம் அதற்குப் பிந்தியது என்று சொல்லிவிடலாம். மற்ற இடமெல்லாம் முந்தி யாரோ கிண்டிக் கலக்கிவிட்டார்கள். ஒரு சாண் இடம்தான் மிச்சம். திங்கட்கிழமை எடுக்கிறேன், தொடாதீர்கள் என்று பிளாஸ்டிக்கால் மூடிவிட்டுப் போனாள்.

அந்தோனிதாசனுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? அவன் மனம் முழுக்க ஊரில், சண்டைக்கு நடுவே பேசாலையில் மேரிசெலினோடு இருந்தது. அகதியாக வந்தவன் கட்டிய மனைவியைக் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. விண்ணப்பமும் போய்விட்டது. அவனுக்காக நான்தான் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பேன்.

"எப்ப எண்டு கேளுங்கோ அண்ணை."

கேட்பேன். பரிசீலனையில் இருக்கிறது, தேதி சொல்ல முடியாது என்பார்கள், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மண்வெட்டியைக் கழுவும்போது அவன் கேட்டான்: "இந்தக் கோயில் கட்டேக்கை இவை ஆரின்ரை ஆக்கள்?"

"அப்ப எல்லாரும் பாப்பரசரின்ரை ஆக்கள்தான். அந்த வடக்கு வாசல் தெரியுதே, கல் வைச்சு அடைச்சது? அதாலைதான் பொம்பிளையள் பூசைக்கு வாறவையாம்."

"அப்ப மாதா இஞ்சை இருந்தவ."

"ஓம், இருந்தவ. பிறகு இவை பாப்பரசரை விட்டேக்கை, விசா இல்லையெண்டு அவவையும் அனுப்பிப்போட்டாங்கள்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை இங்கர் பிளாஸ்டிக்கைத் தூக்கினாள். கல்லின் கீழே வெறும் பொந்து. விரலால் வழித்த தடம்கூடத் தெரிந்தது. அவள் கிடங்கின் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் எடுத்தனான்" என்றான் அந்தோனிதாசன். ஒளிக்கவே இல்லை. "சனிக்கிழமையே மேரிசெலினுக்கு போஸ்ற் பண்ணிப்போட்டன்."

மடுவுக்குப் போனால் மாதா கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து வீட்டில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாம்பு அண்டாது, ஆபத்து வராது. மாதா இருந்த கோயிலில், எழுநூறோ எண்ணூறோ வருடம் ஒருவரும் மிதிக்காத மண் இதைவிட எங்கே கிடைக்கும் என்று அவன் யோசித்திருக்கிறான். விசா வரும்வரை அது அவளைக் காக்குமாம். நான் இதை டேனிஷில் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. இங்கர் திட்டவில்லை. முழுவதுமா எடுத்தாய் என்று மட்டும் கேட்டாள்.

"ஓம், ஒண்டும் விடாமல் வடிவாச் சுரண்டி எடுத்தனான்."

கோபுரம் கட்டிய காலம் சொல்வதற்கில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். கிடங்கை நாங்களே மூடினோம்.

காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் ஐப்பசியில் மேரிசெலின் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினாள். வள்ளம் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவளின் தமையன் தொலைபேசியில் சொன்னபோது அந்தோனிதாசன் அழவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு என்னைக் கேட்டான்: "அண்ணை, மண் போய்ச் சேர்ந்திருக்குமோ?" நான் வெளியே போய் நின்று அழுதேன்.

அடுத்த வருடம்தான் பேப்பரில் வந்தது, எங்கள் ஆட்களின் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்களாம். வசந்தத்தில் மேரிசெலினுக்கு அனுமதியும் வந்தது. நாசமாய்ப் போனவர்கள், அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தது மண் பொட்டலம். கப்பலில் போய், வாங்க ஆளில்லாமல், பிரிக்காமலே திரும்பியிருந்தது.

"இங்கரின்ரை சாமானை அவவிட்டைக் குடுப்பம்" என்றான். இங்கரைக் கோயிலுக்கு வரச் சொன்னேன். அவள் பிரித்துப் பார்த்தாள். ஒரு கரித்துண்டை விரலால் உருட்டினாள்.

"இனி இதால் ஒன்றும் சொல்ல முடியாது" என்றாள். "கல்லுக்குக் கீழே கிடந்ததுதான் சாட்சி. வெளியே எடுத்த பிறகு வெறும் மண்."

அந்தோனிதாசன் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தான். அடைத்த வாசலின் முன்னால் நின்றான்.

"மேரிசெலினுக்கு ஒருத்தரும் மண் போடேல்லை அண்ணை."

ஒரு பிடி அள்ளி வாசலடியில் போட்டான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. என்னிடம் நீட்டினான். நானும் போட்டேன். பிறகு இங்கரிடம் நீட்டினான். அவள் கரியும் மண்ணுமாக அள்ளி, தங்கள் அடக்க வழக்கப்படி மூன்று தரம் போட்டாள்.