அரை டிகிரி

காலையில் பதிவேட்டில் சூளையின் வெப்ப வரைபடத்தை ஒட்டும்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. மெல்ல ஏற வேண்டிய கோடு ஓரிடத்தில் சுவர்போல் செங்குத்தாக நின்றது. கணினியைத் திறந்து பார்த்தாள். இருநூறு டிகிரியிலிருந்து நானூறு வரை நிமிடத்துக்கு அரை டிகிரி ஏற வேண்டும். ஐந்து டிகிரி என்று பதிவாகியிருந்தது. ஒரு தசமப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. விட்டவள் அவளேதான். ஏழு மணி நேரம் ஆக வேண்டியது நாற்பது நிமிடத்தில் முடிந்திருந்தது.



அவள் வேலை பார்க்கும் பட்டறையில் பீங்கான் பொடியையும் தலைமுடியைவிட மெல்லிய நாரையும் பசையோடு பிசைவார்கள். த்ரீடி பிரிண்டர் அதை ஊசிமுனை வழியாகப் பிழிந்து அடுக்கடுக்காக எழுப்பும். அதன்பின் சூளை. பசை நிதானமாக எரிந்து புகையாக வெளியேற வேண்டும். அவசரப்படுத்தினால் போக வழியில்லாத புகை உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கன்னங்கரேலென்று பளபளக்கும்.

இந்த முறை எட்டு வளையங்கள் செய்திருந்தார்கள். பெரிய எரிகலன்களின் வாயில் தீயைத் தாங்கி நிற்க வேண்டியவை. ஒன்று நேற்றே சோதனைக் கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே பர்னரைக் கொளுத்தி வளையத்தின் பக்கத்தில் நின்று பார்ப்பவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன்.

போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. கூடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நான்கு முறை போட்டாள். பிறகு மேனேஜரிடம் ஓடினாள்.

"எக்ஸ்ரே படத்துல சுத்தமா இருந்துச்சேம்மா?"

"முடி மாதிரி விரிசல்னா அதுல தெரியாது சார்."

"இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் என்ன? நான் மெயில் போடறேன். மத்தியானம் பார்ப்பாங்க. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. வேலை உடுப்போடு தெருவுக்கு வந்து கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். சிக்னலில் பஸ் நின்றபோதெல்லாம் காலை மாற்றி மாற்றி வைத்தாள். பக்கத்திலிருந்தவர், "எங்கயாவது அவசரமா போகணுமாம்மா?" என்று கேட்டேவிட்டார்.

கூடத்து வாசலிலேயே பர்னரின் இரைச்சல் கேட்டது. உள்ளே வளையம் செக்கச்செவேலென்று கனன்றது. கறுப்புக் கண்ணாடி முகமூடியோடு அண்ணன் அதற்குக் கையெட்டும் தூரத்தில் குனிந்திருந்தான். கூப்பிட்டாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கதவோரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

தீ அணைந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"யாருங்க நீங்க? எதுக்கு நிறுத்தினீங்க?" என்றார் வளையத்தை வாங்கப்போகும் கம்பெனியின் இன்ஜினீயர் அம்மா.

"இந்த வளையத்தைச் செஞ்சது நான்தாங்க. சூளையில வேகத்தைத் தப்பா குடுத்துட்டேன். உள்ள விரிசல் இருக்கலாம்."

அண்ணன் முகமூடியைக் கழற்றினான். வளையத்தை விட்டு நான்கடி பின்னால் நகர்ந்தான்.

இன்ஜினீயர் அம்மா சற்று யோசித்தார். "நல்ல வளையம் எத்தனை தடவை சூடேத்தி ஆறவெச்சா தாங்கும்?"

"முப்பது சூடு," என்றாள் அவள்.

"இப்ப ரெண்டுதான் முடிஞ்சிருக்கு. சோதனையைத் தொடருவோம். ஆனா ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது."

விசையைச் சுவருக்கு வெளியே இழுத்து வைத்து, தடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். மூன்றாவது சூடு, நான்கு, ஐந்து. ஆறாவதில் 'டப்' என்று ஒரு சத்தம். வளையத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு ஓடியது. ஆனால் துண்டு எதுவும் சிதறவில்லை. ஆறிய பிறகு போய்ப் பார்த்தால், விரிசலின் இரு கரைகளையும் நார்கள் தையல் போட்டதுபோல் இழுத்துப் பிடித்திருந்தன.

"வெறும் பீங்கானா இருந்தா இந்நேரம் சுக்குநூறாயிருக்கும்," என்று இன்ஜினீயர் அம்மா ஆசையோடு படமெடுத்துக்கொண்டார். அவளுக்கு அதில் சந்தோஷப்பட மனம் வரவில்லை.

வாசல்வரை அண்ணன் கூட வந்தான். அங்கே வந்ததும்தான் வெடித்தான்.

"அவசரக்குடுக்கை! வீட்டுல பால் பொங்கினா துடைச்சுடலாம். இங்க நான் நிக்கறேன்டி!"

"தெரியும்ணா."

பிறகு அவன் கேட்டான்: "சொல்லாம விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. உனக்கு அப்படித் தோணலையா?"

"தோணுச்சு. பஸ்ல மூணு ஸ்டாப் வரைக்கும் தோணிட்டேதான் இருந்துச்சு."

அவன் சிரிக்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

பட்டறைக்குத் திரும்பி மிச்சமிருந்த ஏழு வளையங்களையும் அவளே அறுத்துப் பார்த்தாள். நான்கில் விரிசல். மூன்றில் ஒரு குறையும் இல்லை. நல்லதாக இருந்தும் அறுபட்ட அந்த மூன்றைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். "மெயில் போட்டேன்மா. பன்னிரண்டு மணிக்குத்தான் திறந்து பார்த்தாங்களாம்," என்று சொல்லிவிட்டு, அறுத்த துண்டுகளைத் தானே பெட்டியில் அள்ளிப் போட்டார்.

மறுநாளிலிருந்து சூளைக்கு எண் கொடுக்கும்போது ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடானது. மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். புது வளையங்கள் வர இரண்டு வாரமானது. அந்த இரண்டு வாரமும் சூளையின் திரையை அவள் எத்தனை முறை எட்டிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

சோதனையன்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள். நாற்காலி போட்டார்கள், வேண்டாம் என்று கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். காலையில் தொடங்கியது சாயங்காலம்வரை போயிற்று. முப்பதாவது சூடும் ஆறி, அண்ணன் வளையத்தைக் கழற்றி எடுத்து வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தபோதுதான், தன் கால்கள் வலிப்பதே அவளுக்குத் தெரிந்தது.