நேற்றைய முகம்

வெந்நீரில் நனைத்த பஞ்சை அம்மாவின் நெற்றியில் வைக்கப்போனவளின் கையை அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"துடைக்காத. அப்படியே இருக்கட்டும். தூங்கற மாதிரியே இருக்காங்க பாரு."

தகவல் கிடைத்ததும், விமானம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ரயிலைவிட்டுப் பாதி வழியில் இறங்கி, கிடைத்த வண்டியைப் பிடித்துத் திரும்பியிருந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நேற்று வெளியூரிலிருந்து வந்து, இதே கட்டிலில் உட்கார்ந்து அம்மாவோடு சிரித்துப் பேசிவிட்டு, வெளிநாட்டு வேலைக்கு விடைபெற்றுப் போனவன்.

"நேத்து எவ்வளவு தெளிவா இருந்தாங்க. கன்னமெல்லாம் பளிச்சுன்னு... எப்படி இப்படித் திடீர்னு?"

பஞ்சிலிருந்து நீர் சொட்டித் தலையணை நனைந்தது.

அம்மாவுக்குக் கல்லீரல் கெட்டு, முகமும் கண்ணும் மஞ்சளாகியிருந்தன. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். அம்மாதான் அசையவில்லை.

"என்னை இந்தக் கோலத்துல பாத்தா அவன் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கயே உக்காந்துடுவான். அவன் விமானம் ஏறட்டும். மறுநாளே வந்து படுத்துக்கறேன், போதுமா? ஊர்ல இருக்கிற கல்யாணப் பொண்ணுக்கெல்லாம் மேக்கப் போடற. பெத்தவளுக்குப் போட மாட்டியா?"

நேற்றுக் காலை அவள் பிரஷ் பையைக் கட்டிலில் விரித்தாள். மணப்பெண்களுக்கு எடுக்கும் தட்டை பிரஷ்தான் முதலில் கைக்கு வந்தது. கன்னத்தில் ஒரே இழுப்பு. அம்மா முகத்தைச் சுளித்தாள், தோலில் சிவப்பாய்க் கோடு விழுந்தது. அதை வைத்துவிட்டு, அடர்த்தியான முடி கொண்ட இன்னொன்றைத் தன் மணிக்கட்டில் ஒற்றிப் பார்த்தாள். அதுவும் குத்தியது. கடைசியில், குழந்தையின் தலைமுடிபோல் மெத்தென்றிருந்த உருண்டை முனை பிரஷ்தான் ஒத்துவந்தது. இழுக்காமல், ஒற்றி ஒற்றி, மஞ்சளை அடக்குவதற்கு முதலில் ஊதாப் பூச்சு. அதன்மேல் அம்மாவின் பழைய நிறம். கண்ணுக்குக் கீழே மெல்லிய பிரஷ். பெரிய பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு, அதிகமானதைத் தட்டிவிட்டு, மேலாக ஒரு வீச்சு. கன்னச் சிவப்புக்குச் சாய்ந்த முனை பிரஷ்.

"பழைய வீட்டுக்கு வெள்ளையடிச்சா வாடகையா ஏறப்போகுது?" என்று கண்ணை மூடியபடி அம்மா சிரித்தாள்.

கண்ணுக்குள் இருந்த மஞ்சளை மறைக்க எந்தப் பிரஷ்ஷாலும் முடியாது. வெளிச்சம் கூசுகிறதென்று சொல்லி அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று வந்து இறங்கிய அண்ணன் வாசலிலேயே கேட்டான்.

"மாத்திரையே போதும்னுட்டார்ண்ணா."

உள்ளே போய் அம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, நல்லா தேறிட்டீங்களே!"

அந்த ஒரு நொடி அவளுக்குப் பெருமையாக இருந்தது. கச்சிதமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

அவன் போனபின் கலைக்க வந்தபோது அம்மா விடவில்லை. "இருக்கட்டும்டீ. காலையில பாத்துக்கலாம்."

விடிந்ததும் வெந்நீரோடு வந்து தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

"எல்லாரும் வந்துடுவாங்க. முகம் அங்கங்க வாடியிருக்கு, லேசா பவுடர் போட்டு சரி பண்ணிடு. நேத்து மாதிரியே இருக்கட்டும்" என்றான் அண்ணன், பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டு. அலமாரி மேலிருந்த பையைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய பிரஷ்ஷை எடுத்து நீட்டினான். "இதுதானே?"

அவள் அதை வாங்கவில்லை. குனிந்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். பிறகு ஒரு கன்னத்தை. பஞ்சில் ஊதாவும் சிவப்பும் கலந்து வந்தன. அடியிலிருந்து அந்த மஞ்சள் வெளியே வந்தது.

அண்ணன் பஞ்சைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான்.

"என்ன இது?"

"இதுதாண்ணா அம்மா. போன மாசத்துலேர்ந்தே."

"டாக்டர்?"

"சேத்துடுங்கன்னு சொன்னார்."

"நான் மட்டும் பாத்திருந்தா..." அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்துவிட்டால் தேவலாம் போலிருந்தது. அவன் பிரஷ்ஷைக் கட்டிலில் வைத்துவிட்டு உள்ளே போனான். குழாயில் நீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கிண்ணத்தில் புதிதாக வெந்நீர் இருந்தது. அவள் பக்கம் திரும்பாமல் தரையில் மண்டியிட்டு, மறு கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தான். பாத்திரம் தேய்ப்பதுபோல் அழுத்தித் துடைத்தான். மெதுவாண்ணா என்று சொல்ல வாயெடுத்தாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள். திறக்க எழுந்தாள்.

"கொஞ்சம் இரு" என்றான் அவன், நிமிராமலே. "காதோரம் இன்னும் போகல."